உப்புக் கடகமும் ஊறுகாய் மூடியும்

கல்யாணம் கட்டின முதல் வருஷத்திலேயே புருஷனுக்குக் கணக்குப் படிப்பிக்கிற பாக்கியம் எல்லாப் பெண்களுக்கும் கிடைப்பதில்லை. கிடைக்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். நான் அந்த வருஷம் முழுவதும் அடுப்பில் ஒரு கண்ணும் இவருடைய அம்புக்குறிகளில் ஒரு கண்ணுமாக இருந்தேன். கறியும் கருகியது, கணக்கும் கருகியது.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. நான் பட்டம் எடுத்து வந்து கிளிநொச்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். இவர் வாய்க்கால் வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியர். வட்டக்கச்சிப் பக்கம் வாய்க்கால் கரையோடு ஒரு குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். இரண்டு அறை, ஒரு விறாந்தை, புகை போக வழியில்லாத ஒரு குசினி. அதில் நாங்கள் இரண்டு பேரும் இவருடைய தாயாரும் இருந்தோம். தாயாரை நான் மாமி என்பேன். மாமி ஆனையிறவில் உப்பளத்தில் வேலை செய்து இந்த ஒரு பிள்ளையை வளர்த்தவர் என்று கல்யாணம் பேசும்போதே சொல்லியிருந்தார்கள். உப்பளத்தில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கணக்குப் படித்த எனக்குக் கேள்வி கேட்கத் தெரியும் என்று ஒரு நினைப்பு, பாருங்கள்.

இவருக்கு ஒரு பரீட்சை இருந்தது. அதைப் பாஸ் பண்ணினால்தான் ஓவசியர் பதவி நிரந்தரமாகும். மூன்று தரம் எழுதலாம். இரண்டு தரம் கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதும் போனால் பதவி போகும், பதவியோடு குவாட்டர்ஸும் போகும். எனக்குப் பள்ளிக்கூடத்துச் சம்பளம் வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் மாமி ஆனையிறவில் இருந்த கொட்டிலை விட்டுவிட்டு, சட்டிபானையெல்லாம் அயலுக்குக் கொடுத்துவிட்டு, மகனுக்கு அரசாங்க வீடு கிடைத்துவிட்டது என்ற சந்தோஷப் புழுகத்தோடு வந்து சேர்ந்தவர். வந்த கையோடு கிணற்றடியில் வாழைக்குட்டி வைத்தார். அந்த வாழை குலை போடும்வரைக்காவது இந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவர் வாய்விட்டுச் சொல்லாத ஆசை. இவருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். வாழையைப் பார்க்கிற நேரமெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

மூன்றாந்தரத்துக்கு என்று பார்த்துப் பாடத்திட்டத்தை மாற்றினார்கள். புதிதாக வெக்டர் வந்தது. எவ்வளவு என்பதோடு எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துச் சொல்கிற அளவு. அதற்குத் தமிழில் 'காவி' என்று சொல்ல வேண்டுமென்று அப்போதுதான் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சொற்பட்டியல் வந்திருந்தது. காவிக்கொண்டு, அதாவது சுமந்துகொண்டு போவதால் காவி. நான் இவருக்கு அதைச் சொல்ல, குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் வந்தது.

"காவியோ? கலியாணம் கட்டி ஆறு மாசத்தில காவியோ? ஏன் பிள்ளை, அவன் சாமியாராப் போறானோ?"

"இல்லை மாமி, கணக்கில ஒரு சாமான்."

"கணக்கிலயும் காவியோ. கண்டறியாத கணக்கு."

இவர் புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலீசுப் புத்தகம், பரீட்சையும் இங்கிலீசில்தான். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்சேரும், பெருக்கல் எண்டா ஒரு பெருக்கல்தானே? உதில ரெண்டு போட்டிருக்கு. ஒண்டுக்குப் புள்ளி, மற்றதுக்குச் சிலுவை மாதிரிக் குருசு. ஆளுக்கொரு பெருக்கலோ?"

"ஓம், ரெண்டு இருக்கு."

"ஏன்? ஒண்டு காணாதோ?"

கேள்வி நியாயமான கேள்விதான். எனக்கும் பல்கலைக்கழகத்தில் அதே சந்தேகம் வந்தது. ஆனால் அங்கே கேட்டால் சிரிப்பார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். இவர் என் புருஷன் என்பதால் தைரியமாகக் கேட்டார். நானும் தைரியமாகப் பெருமூச்சு விட்டேன்.

புள்ளிப் பெருக்கலை முதலில் எடுத்தோம். இரண்டு காவிகளைப் பெருக்கினால் விடை வெறும் எண்ணாக வரும், அதற்குத் திசை கிடையாது. ஒன்று மற்றதன் பக்கமாக எவ்வளவு விழுகிறது என்று பார்த்துப் பெருக்குவது. படம் கீறி இழுத்து இழுத்துச் சொன்னேன். இவருக்கு முகம் தெளியவில்லை. கடைசியில் அவரே சொன்னார்.

"பொறும், பொறும். வாய்க்காலுக்கை விழுந்த பாலை மரத்தை நாங்கள் கரையில நிண்டு கயிறு கட்டி இழுக்கிறம் எண்டு வையும். கயிறு கட்டையா இருந்தா மரம் மேல எழும்பப் பாக்குமே தவிர முன்னால வராது. நீளமா விட்டு இழுத்தா வரும். அதே ஆக்கள், அதே இழுவை. உதுதானோ கதை?"

"உதுதான் கதை."

"அட, உதுக்கே இவ்வளவு அம்புக்குறி!"

அன்றைக்கு எனக்கு இவர்மேல் அளவில்லாத பிரியம் வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். இழுவைக்கும் நகர்ந்த தூரத்துக்கும் புள்ளிப் பெருக்கல் போட்டால் வருவது வேலை என்று சொன்னேன். இரண்டும் ஒரே பக்கமென்றால் முழு வேலை. சரிந்திருந்தால் குறைந்த வேலை. இரண்டும் செங்குத்தாக இருந்தால் பூச்சியம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பாடம் இவ்வளவு வழுக்கிக்கொண்டு போகிறதே என்ற சந்தோஷத்தில் நான் புத்தகத்தில் இருந்த பயிற்சியைத் தமிழில் சத்தமாக வாசித்தேன்.

"ஒருவர் தலையில சுமையை வைச்சுக்கொண்டு மட்டமான நிலத்தில நடக்கிறார். சுமையைத் தாங்குகிற விசை செய்யிற வேலை எவ்வளவு?"

இவர் கண்ணை மூடி யோசித்தார். தாங்குவது மேல்நோக்கி, நடப்பது முன்னோக்கி. "செங்குத்து. அப்ப பூச்சியம். வேலையே இல்லை!" என்றார். முதல் தரமாக ஒரு விடை முதல் தரத்திலேயே சரியாக வந்திருந்தது. விறாந்தையே அதிரும்படி கையைத் தட்டினார்.

குசினிக்குள் தேங்காய் துருவுகிற சத்தம் நின்றது.

மாமி வாசலுக்கு வந்தார். கையில் பாதி துருவின தேங்காய்ப் பாதி.

"ஆர் வேலை செய்யேல்லை?"

"கணக்கம்மா," என்றார் இவர்.

"அது விளங்குது. தலையில சுமந்துகொண்டு நடந்தா வேலை இல்லையாமோ?"

நான் வாத்தியாரம்மா அல்லவா, வாயை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? "ஓம் மாமி. நிலம் மட்டமா இருந்தா பூச்சியம்," என்று விளக்கம் சொன்னேன்.

"உப்பளத்து நிலத்தைவிட மட்டமான நிலம் இந்த உலகத்தில எங்கயும் இருக்கோ பிள்ளை?" என்று மாமி கேட்டார். "வெய்யிலுக்கை, பாத்தியில இருந்து குவியலுக்குக் கடகம் கடகமா உப்புக் காவினனான். இவன் பிறக்க முந்தியும் காவினனான், பிறந்து முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழிச்ச கையோடயும் காவினனான். இவன் இங்கிலீசுப் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனது அந்த உப்பில. அது வேலை இல்லையெண்டா எனக்கு என்னத்துக்குக் கூலி தந்தவங்கள்? வடிவா நடக்கிறன் எண்டோ?"

சொல்லிக்கொண்டே குனிந்து தலையைக் காட்டினார். உச்சியில் ஓலைக் கடகம் இருந்த இடத்தில் மயிர் இல்லை. வழுவழுவென்று ஒரு வட்டம். நான் ஆறு மாதமாக அந்தத் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டிருக்கிறேன். வயதுக்கு உதிர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

"மாமி, கணக்கில வேலை எண்டு சொல்லுறது வேற..." என்று தொடங்கினேன்.

"வேறயெண்டா வேற பேர் வையுங்கோவன். எங்கட பேரை ஏன் எடுக்கிறியள்?"

நான் புத்தகத்தை மூடி வைத்தேன். இவர் குனிந்தபடி ஏற்கனவே கீறியிருந்த அம்புக்குறியின்மேலேயே திரும்பத் திரும்பக் கீறிக்கொண்டிருந்தார். கடுதாசி ஓட்டையாகிவிட்டது.

அன்றிரவு சாப்பாட்டில் மீன்குழம்பும் கத்தரிக்காய்ப் பிரட்டலும். ஒன்றிலும் ஒரு கல் உப்பு இல்லை. இவர் என்னைப் பார்த்தார், நான் இவரைப் பார்த்தேன். மாமி எதிரே இருந்து தன்பாட்டில் சாப்பிட்டார். தன்னுடைய சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் உப்புப் போட்டிருந்தார் என்பது என் ஐமிச்சம். கேட்பதற்கு எங்கள் இரண்டு பேருக்கும் துணிவு வரவில்லை. மூன்று நாளைக்கு இதே கதை. நாலாம் நாள் இவர் மெல்ல, "அம்மா, உப்பு..." என்று இழுத்தார்.

"உப்பு அலுமாரிக்கை இருக்கு. எடுத்துக்கொண்டு வாறது மட்டமான நிலத்திலதான். உனக்கு ஒரு வேலையும் இல்லை, போய் எடு," என்றார் மாமி.

எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. மாமியும் சிரித்தார். அத்தோடு உப்பு திரும்பி வந்தது. இவர் மட்டும் சிரிக்கவில்லை என்பதை நான் அன்றைக்குக் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்தது குருசுப் பெருக்கல். இதில் விடை இன்னொரு காவியாகவே வரும், முதலிரண்டுக்கும் செங்குத்தாக எழும்பும் அல்லது இறங்கும். அளவு எவ்வளவு என்பதில் கஷ்டம் இருக்கவில்லை. சரிந்த நாற்பக்க வயல் ஒன்றின் பரப்பு மாதிரி என்றேன். ஓவசியருக்குச் சரிந்த வயலைச் சொல்லியா கொடுக்க வேண்டும்? ஒரே வரம்பின் மேல் இரண்டு அம்பும் படுத்துக் கிடந்தால் வயலே இல்லை, அப்ப பூச்சியம் என்று அவரே சொல்லிவிட்டார். புள்ளியில் செங்குத்து பூச்சியம், குருசில் சமாந்தரம் பூச்சியம். இரண்டு பெருக்கலும் ஏன் தேவை என்று அந்த நேரத்தில்தான் அவருக்கு விளங்கியது. எனக்கும் அன்றைக்குத்தான் முழுக்க விளங்கியது, அதை நான் வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

இழவு வந்தது திசையில்: முதல் அம்பிலிருந்து இரண்டாவதுக்கு எந்தப் பக்கமாகச் சுற்றுகிறோம் என்பதை வைத்துத்தான் விடை கூட்டலா கழித்தலா என்று வரும். ஒரு சனிக்கிழமை பயிற்சி முழுவதையும் செய்து வைத்தார். நான் பார்த்தேன். எண்கள் அத்தனையும் சரி. கூட்டல் வர வேண்டிய இடமெல்லாம் கழித்தல், கழித்தல் வர வேண்டிய இடமெல்லாம் கூட்டல். ஒன்று இரண்டு தவறினால் கவனப்பிழை என்று விடலாம். ஒன்றுகூடத் தவறாமல் எல்லாமே தலைகீழ் என்றால் அதற்கு ஒரு கொள்கை இருக்க வேண்டும்.

"எந்தப் பக்கச் சுற்றைக் கூட்டல் எண்டு எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"வலம்தான்."

"வலம் கழித்தல். இடப்பக்கமாச் சுத்தினாத்தான் கூட்டல். மணிக்கூட்டுக்கு எதிர்ப்பக்கம்."

இவர் பென்சிலைக் கீழே வைத்தார். "என்ன கதை கதைக்கிறீர்? கோயிலை எந்தப் பக்கம் சுத்திறனீர்?"

"வலம்."

"பொம்பிளை மாப்பிள்ளை ஓமகுண்டத்தை எந்தப் பக்கம் சுத்திறவை? நாங்கள் எந்தப் பக்கம் சுத்தினனாங்கள்?"

"வலம்தான், அதுக்கு இப்ப என்ன?"

"இடப்பக்கமாச் சுத்திறது செத்த வீட்டிலை. கொள்ளிக்குடத்தோட. அதைக் கொண்டுவந்து கூட்டல் எண்டு வைச்சிருக்கிறான், சாமியைச் சுத்திறது கழித்தலோ? எழுதினவனுக்கு மூளை இருக்கோ?"

"எழுதினவன் உங்கட கோயிலுக்கு வந்தவனோ? கூட்டல் எண்டா கூட்டல். எழுதுங்கோ!"

"மனசு வரேல்லை."

"மனசையோ மார்க் பண்ணுறாங்கள்? பெயிலாப் போங்கோ! வாழைக்குட்டியைக் கிண்டிக் கையில எடுத்துக்கொண்டு தெருவில நிப்பம்!"

எனக்குக் கோபம் வந்தால் நாக்குக்கு முன்னும் பின்னும் தெரியாது. வாழை என்று சொன்னதும் இவர் முகம் செத்துப்போனது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வலது கைப்பெருவிரலை நீட்டி, மற்ற விரல்களை மடக்கி, விரல் மடங்குகிற பக்கம் சுற்று, பெருவிரல் நிற்கிற பக்கம் விடை என்று காட்டினேன். அவரும் காட்டினார். வலது கையில் பென்சில் இருந்ததால் இடது கையைக் காட்டினார். கோதாரி! நான் தலையில் கைவைத்துக்கொண்டு விறாந்தைக் கதிரையில் இருந்துவிட்டேன்.

அப்போது மாமி தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைக் கொண்டுவந்தார். "சண்டையைப் பிறகு பிடியுங்கோ. இந்த மூடி இறுகிப்போச்சு, திறந்து தா தம்பி."

இவர் போத்தலைத் தொடைகளுக்கு நடுவில் வைத்துத் திருகினார். மூடி இடப்பக்கமாகச் சுழன்று, மெல்ல மேலே எழும்பியது. நான் கதிரையிலிருந்து பாய்ந்து எழும்பினேன்.

"நில்லுங்கோ! திறக்காதேங்கோ! திரும்ப மூடுங்கோ!"

"ஏனப்பா, பல்லி ஏதும் விழுந்து கிடக்கோ?"

"மூடுங்கோ எண்டுறன்! இப்ப எந்தப் பக்கம் சுத்திறியள்?"

"வலம்."

"மூடி எங்க போகுது?"

"கீழ."

"திறக்கேக்க எந்தப் பக்கம் சுத்தினனீங்கள், மூடி எங்க போனது?"

"இடம். மேல." அவருடைய கை நின்றது. போத்தலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விளக்குமாற்றிலிருந்து இரண்டு ஈர்க்கை முறித்து மூடியின்மேல் வைத்தேன். ஒன்று முதலாவது காவி, மற்றது இரண்டாவது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எது கிட்டவோ அந்தப் பக்கம் மூடியைத் திருப்பு. மூடி எழும்பினால் விடை மேலே, இறங்கினால் கீழே. மேலே கூட்டல், கீழே கழித்தல். சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரண்டு ஈர்க்கையும் இடம் மாற்றினால், அதாவது பெருக்குகிற வரிசையை மாற்றினால், திறந்த போத்தல் மூடும். புள்ளிப் பெருக்கலில் எதை முன்னால் எழுதினாலும் ஒன்றுதான். இதில் அப்படியில்லை.

இவர் ஈர்க்கை மாற்றி மாற்றி வைத்து, ஒரு மணித்தியாலம் அந்தப் போத்தலைத் திறந்து திறந்து மூடினார். பயிற்சி அத்தனையும் திரும்பச் செய்தார். ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. வீடு முழுக்க ஊறுகாய் மணம். மாமிக்குத்தான் அன்று பகல் சாப்பாட்டுக்கு ஊறுகாய் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மாமி என்னைக் கிணற்றடிக்குக் கூப்பிட்டார். வாழைக்குத் தண்ணீர் ஓடவிட்டுக்கொண்டு, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பிள்ளை, வலம் வாறது கழித்தல் எண்டு அண்டைக்குச் சத்தம் போட்டனீ. மெய்யே?"

"அது சும்மா கணக்குக்கு மாமி."

"இல்லை, நான் அம்மனுக்கு ஒரு நேர்த்தி வைச்சிட்டன். இவன் பாஸ் பண்ணினா மூண்டுதரம் கோயிலைச் சுத்திறதெண்டு. இப்ப எனக்கு அந்தரமாக் கிடக்கு. கழித்தல் பக்கமாச் சுத்திறது எண்டு நேர்ந்து, அது அவன்ர மார்க்கில கழிஞ்சு போடுமோ?"

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவர் பகிடிக்குக் கேட்கவில்லை. கண் கலங்கியிருந்தது. இந்த மனுஷிக்குக் கணக்கு ஏற்கனவே ஒரு தரம் பூச்சியம் போட்டிருக்கிறது. இப்போது கழித்தலும் போடப் போகிறதோ என்று பயந்துபோயிருந்தார். எனக்கு மனம் பொறுக்கவில்லை.

"மாமி, நாங்கள் மேல நிண்டு குனிஞ்சு பாக்கிறதாலதான் வலம் கழித்தல். அதே சுற்றைக் கீழ நிண்டு நிமிர்ந்து பார்த்தா இடப்பக்கமாத் தெரியும். அப்ப அது கூட்டல். பார்க்கிற ஆள் எங்க நிக்குது எண்டதிலதான் எல்லாம் கிடக்கு."

இது பொய்யில்லை. கண்ணாடித் தட்டில் அம்பு கீறிக் கீழிருந்து பார்த்தால் ஆருக்கும் தெரியும். மாமி யோசித்தார்.

"எங்கட அம்மன் புத்துக்கை இருந்து எழும்பினவா. கீழ இருந்துதானே பார்ப்பா?"

"அது உங்களுக்குத்தான் தெரியும் மாமி."

"ஓம், கீழதான். கீழதான் இருக்கிறா." முகம் மலர்ந்துவிட்டது. "உது முதலே சொல்லியிருக்கலாமே. ரெண்டு நாளா நித்திரையில்லை."

பரீட்சை யாழ்ப்பாணத்தில். விடியற்காலை பஸ்ஸில் இவர் போனார். ஆனையிறவைத் தாண்டும்போது உப்பளப் பக்கம் பார்த்துக் கும்பிடச் சொல்லி மாமி அனுப்பினார். நான் நாள் முழுவதும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் காரணமில்லாமல் ஏசிக்கொண்டிருந்தேன். பின்னேரம் சந்தியில் போய் நின்றேன். பஸ் வந்தது. இவர் இறங்கினார். முகத்தைப் பார்த்தால் ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன மாதிரி?"

"பறவாயில்லை. போத்தல் ரெண்டு தரம் திறந்தன்."

"என்ன?"

"குருசுப் பெருக்கல் ரெண்டு கேள்வி. வெறுங்கையை மேசைக்கு மேல வைச்சு மூடி திருகிற மாதிரித் திருகிப் பார்த்தன். காவல் நிண்ட மனுஷன் கிட்ட வந்து, மேசைக்குக் கீழயும் குனிஞ்சு பார்த்திட்டு, தண்ணி வேணுமோ எண்டு கேட்டார்."

சந்தியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடிய இவர் சொன்னார், "ஒரு கேள்வியை மட்டும் விட்டிட்டன்."

"தெரியேல்லையோ?"

"தெரியும்."

"நேரம் காணாமல் போச்சோ?"

"நேரம் இருந்தது."

"தெரிஞ்சு, நேரமும் இருந்து, விட்டனீங்களோ? விசரோ உங்களுக்கு? எந்தக் கேள்வி?"

சொல்லவில்லை. வீடுவரை கேட்டேன், சொல்லவில்லை. ஒரு கிழமை முகம் கொடுத்துக் கதைக்காமல் இருந்து பார்த்தேன், அப்போதும் சொல்லவில்லை. இவருக்கு வாய் திறக்க ஒரு மூடி வைத்திருந்தால் எந்தப் பக்கமாவது திருகியிருப்பேன். மாரி தொடங்கியது. வாய்க்கால் முட்டி ஓடியது. வாழை என் தலைக்கு மேலே வளர்ந்துவிட்டது. மாமி ஒன்றும் தெரியாமல் அதற்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் சாமான் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு கேள்வியால் இந்த வீடு போகப் போகிறது என்று எனக்கு நிச்சயமாகவே பட்டது.

தை பிறந்து ஒரு மத்தியானம். வாய்க்கால் கரையின் தூரத்துத் தொங்கலில் சைக்கிள் மணி கேட்டது. கை எடுக்காமல் அடித்துக்கொண்டே வந்தது. மணி அடிக்கிற விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. இவர் சைக்கிளைச் சாத்தக்கூட இல்லை, அப்படியே விழவிட்டுவிட்டு ஓடிவந்தார்.

"பாஸ்! தட்டுத்தடுமாறி, கரையில முட்டிக்கொண்டு பாஸ்!"

மாமி முதலில் அழுதார். பிறகு வாழையைப் போய்த் தொட்டுவிட்டு வந்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வெள்ளிக்கிழமை நேர்த்தி," என்றார்.

"ஓம் அம்மா. மூண்டுதரம் சுத்திறதுதானே."

"ஓம், மூண்டுதரம். தலையில ஒரு கடகம் உப்போட. கோயில் மடத்துக்கு உப்புக் குடுக்கிறன் எண்டு நேர்ந்தனான்."

"ஐயோ அம்மா, இந்த வயசில நீங்கள் ஏன்..."

"நான் ஏன் காவிறது? நீதான் காவ வேணும் எண்டு நேர்ந்திருக்கிறன்."

இவர் உச்சந்தலையைத் தடவிக்கொண்டார். "பாற்செம்பு எண்டாலும் நேர்ந்திருக்கலாமே," என்று முனகினார். மாமி கேட்காத மாதிரிக் குசினிக்குள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை இவர் குளித்து, வேட்டி கட்டி, மாமி சுருட்டிக் கொடுத்த சும்மாட்டைத் தலையில் வைத்தார். பனையோலைக் கடகம் நிறைய ஆனையிறவு உப்பு. இரண்டு பேர் பிடித்துத் தூக்கி வைத்தோம். கோயிலைச் சுற்றின வீதி வெண்மணல், மட்டமென்றால் அப்படி மட்டம். முதல் சுற்றில் இவர் தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார். இரண்டாம் சுற்றில் ஆரையும் தெரியவில்லை. மூன்றாம் சுற்றில் கழுத்து நரம்பு தெறித்து நின்றது. மாமி பக்கத்திலேயே நடந்தார். "நிலத்தைப் பாராதே, தூரத்தைப் பார். இடுப்பு நாரியை வளைக்காதே. மெல்ல வை காலை," என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு தரமும் கை கொடுக்கவில்லை.

பின்னேரம் இவர் விறாந்தையில் பாயில் குப்புறப் படுத்துக் கிடந்தார். தலையைத் திருப்ப முடியவில்லை. மாமி பக்கத்தில் இருந்து கழுத்துக்கு நல்லெண்ணெய் தேய்த்தார். நான் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏன் தம்பி, பூச்சியத்துக்கும் கழுத்து நோகுமோ?" என்று மாமி கேட்டார்.

நான் அடக்கினது போதும் என்று சிரித்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை. பாய்க்குள் முகத்தை வைத்தபடி சொன்னார்.

"அம்மா, அந்தக் கேள்வி வந்தது."

"எது?"

"தலையில சுமை, மட்டமான நிலம், எவ்வளவு வேலை எண்டு. பரீட்சையில வந்தது. புத்தகத்தில இருந்தமாதிரியே."

என் கையில் சுளகு நின்றுவிட்டது. மாமியின் கையும் நின்றது.

"என்ன எழுதினனீ?"

"ஒண்டும் எழுதேல்லை. விட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போட்டன்."

அந்த ஒரு கிழமைக் கோபமும் மாரி முழுக்க நான் பட்ட பயமும் இந்த ஒரு கேள்விக்காகத்தான். மாமி இப்போது மகனைக் கட்டிப் பிடித்து அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையை ஓங்கி, அந்த நோகிற கழுத்திலேயே படாரென்று ஒன்று போட்டார்.

"ஆ! அம்மா!"

"விசரா! உனக்கு மறுமொழி தெரியுமெல்லோ?"

"தெரியும்."

"அது பூச்சியம் எண்டு தெரியுமெல்லோ?"

"தெரியுமம்மா. எழுத ஏலாமல் போச்சு."

"பெயிலாப் போயிருந்தா?"

மாமியின் குரல் உடைந்துவிட்டது.

"நான் அவ்வளவு உப்பும் காவினது, நீ அதுக்குப் பூச்சியம் எண்டு எழுதிப் பாஸ் பண்ணத்தானேடா."

பிறகு எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். மூடி எண்ணெயில் வழுக்கியது. சேலைத் தலைப்பால் பிடித்துத் திருகித் திறந்து, உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் ஊற்றி, அடித்த இடத்திலேயே தேய்க்கத் தொடங்கினார்.